டெலிபோன் மணி அடிக்காத அத்தியாயம்

ஆகஸ்ட் 3, வெள்ளி

இன்று ஒருவருடைய சிறுநீர்ப் புட்டியில் இன்னொருவருடைய பெயரை ஒட்டிவிட்டேன். கூட வேலை பார்க்கும் மரியபாக்கியம் பார்த்துத் தடுத்தாள். இல்லாவிட்டால் பஜார் மளிகைக்கடை அண்ணாச்சி கர்ப்பமாக இருக்கிறார் என்று எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து ரிப்போர்ட் போயிருக்கும்.

பதினோரு மணிக்கு வந்த போன்தான் காரணம். பேசியவர் 'திகில் தோரணம்' ஆசிரியர். மாதம் ஒரு மர்ம நாவல் போடும் புத்தகம் அது. ஜெயவர்ணன் எழுதும் துப்பறியும் இளம்பரிதி நாவல்கள் இருபத்தைந்து வருடமாக அதில்தான் வருகின்றன. முந்நூறாவது நாவலுக்குத் திருச்சியில் விழாவாம். விழாவில் பட்டிமன்றமாம். தலைப்பு: 'இளம்பரிதி தொடரலாமா, முடிக்கலாமா?' நடுவர் ஜெயவர்ணனேதான். முடிக்கலாம் என்று தீர்ப்பானால் அடுத்த நாவலில் இளம்பரிதி கொடைக்கானல் பாறையிலிருந்து விழுந்து சாவான். எழுதி எழுதி ஜெயவர்ணனுக்குக் களைத்துவிட்டதாம்.

"அணிக்கு ஒரு வாசகர் மேடம். கடிதப் பக்கத்துல அடிக்கடி எழுதுறவங்க பேரையெல்லாம் போட்டுக் குலுக்கி எடுத்தோம். நீங்க 'முடிக்கலாம்' அணி."

"நானா? சார், நான் பாராட்டி மட்டுந்தான் எழுதுதேன். உங்களுக்கே தெரியும்."

"குலுக்கல் மேடம். மாத்த முடியாது."

ஒரே ஆளை எதற்கு அணி என்கிறார்கள் என்று கேட்க நினைத்து, எதிரணி யார் என்று கேட்டேன்.

"கோ. தணிகாசலம், ஆம்பூர்."

அப்போதுதான் அண்ணாச்சியின் புட்டி என் கையில் இருந்தது.

ஆகஸ்ட் 4, சனி

கோ. தணிகாசலம், ஆம்பூர். இந்தப் பெயரைக் கடிதப் பக்கத்தில் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 'கடைசி அத்தியாயம் படித்துக் கை நடுங்கியது. வே. சங்கரகோமதி, கோவில்பட்டி' என்று நான் எழுதினால், அடுத்த மாதமே, 'கோவில்பட்டி வாசகிக்குக் கை நடுங்கியதில் வியப்பில்லை. நான்காம் அத்தியாயத்தில் இடது கையில் சுடப்பட்ட இளம்பரிதி, ஒன்பதாம் அத்தியாயத்தில் அதே கையால் ஜீப்பைத் தள்ளுகிறானே!' என்று எழுதுகிற ஆள். தொடரை எப்போது முடிப்பீர்கள் என்று வருடத்துக்கு ஒரு தடவை தவறாமல் கேட்பார். அந்த மனிதர்தான் இப்போது 'தொடரலாம்' என்று பேசப்போகிறார். வேண்டுமென்றே சொதப்பித் தோற்றுப்போவார், இளம்பரிதி செத்துப்போவான். அவ்வளவுதான் கதை.

எனக்கு இளம்பரிதி வேண்டும். அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்த வருடங்களில் மாதாமாதம் நான்தான் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். மூன்றாவது அத்தியாயத்திலேயே "சமையல்காரந்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். ஒரு தடவைகூடச் சமையல்காரன் கொலை செய்ததில்லை. சமையல்காரனே இல்லாத கதையிலும் சொல்லுவார். அப்பா போய் இரண்டு வருடமாகிறது. இப்போதும் நான் சத்தமாகத்தான் படிக்கிறேன். மூன்றாவது அத்தியாயம் வந்ததும் கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தொடர்வேன். இளம்பரிதியும் போய்விட்டால் இந்த வீட்டில் எதை வைத்து வாயைத் திறப்பது?

ஆகஸ்ட் 7, செவ்வாய்

அந்த ஆளே போன் செய்துவிட்டார். ஆசிரியரிடம் நம்பர் வாங்கினாராம்.

"வணக்கங்க. ஆம்பூர் தணிகாசலம் பேசறேன். ஒரு ஒதவி வேணுங்க. அந்தத் தொடர்ல நல்லது இன்னா இருக்குதுன்னு கொஞ்சம் சொல்றீங்களா? நானும் ரெண்டு நாளா தேடிப் பாத்துட்டேன்."

கீச்சுக்குரலாக இருக்கும் என்று தீர்மானித்து வைத்திருந்தேன். இல்லை. நல்ல நிதானமான குரல். அதனால் கோபம் இன்னும் கூடியது.

"எதுக்கு? வேணும்னே தோக்கத்தான போறீங்க?"

"நானா? ஷூ கம்பெனில தரம் பாக்கறவங்க நானு. ஒத்துக்கின வேலைய அரகொறையா செஞ்சா எனக்குச் சோறு எறங்காது. நீங்கதான் வேணும்னே தோப்பீங்கன்னு நான் பயந்துகினு இருக்கேன்."

இது என் மனதில் ஓடாத எண்ணம் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று. இரண்டு பேருமே உண்மையாகப் பேச வேண்டும். அவருக்குத் தெரிந்த குறைகளை எனக்குத் தருவார், எனக்குத் தெரிந்த நிறைகளை நான் அவருக்குத் தர வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு ஒன்று, பண்டமாற்று. நான் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும், சாயங்காலம் ஆறு மணி.

என் கணக்கு வேறு. தினம் ஒரு நிறையாக ஊட்டி அந்த மனிதரை மதம் மாற்றிவிடுவேன். பிறகு அவரால் தோற்கவே முடியாது.

இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்ததில் வெண்டைக்காய் கருகிவிட்டது.

ஆகஸ்ட் 8, புதன்

கொடுத்தது: முதல் வரி. இளம்பரிதி நாவலின் முதல் வரியைப் படித்துவிட்டு யாரும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது. 'தனக்கு வந்த இரங்கல் தந்தியைப் பரமசிவம் தானே கையெழுத்துப் போட்டு வாங்கினார்.' எப்படி வைப்பது?

வாங்கியது: டெய்சியின் அப்பா இரண்டு தடவை செத்திருக்கிறார். டெய்சி, இளம்பரிதியின் உதவியாளர். முதலில் ஏற்காட்டில் மாரடைப்பு, எட்டு வருடம் கழித்து விசாகப்பட்டினத்தில் கப்பல் விபத்து. இரண்டு தடவையும் நான் அழுதிருக்கிறேன். இரண்டாவது தடவை எப்படி அழுதேன் என்று எனக்கே புரியவில்லை.

ஆகஸ்ட் 11, சனி

இன்றைய குறை: பிடிபட்டதும் வில்லன் மூன்று பக்கத்துக்குப் பேசுகிறான்.

"துப்பாக்கிய நீட்டிகினு ஒருத்தன் நிக்கறான். இவன் சின்ன வயசுலேந்து கத சொல்றான். யாருக்குங்க அவ்ளோ பொறுமை?"

"எங்க ஓனருக்கு உண்டு. சம்பளம் கேட்டா அப்படித்தான் பேசுவாரு" என்றேன். சிரித்தார். சிரித்தால் கடைசியில் லேசாக ஒரு இருமல் வருகிறது.

இவ்வளவு குறையோடு எதற்கு ஒன்றுவிடாமல் வாங்கிப் படிக்கிறீர்கள் என்று கேட்டேன். குறை கண்டுபிடிக்கத்தான் என்றார். பொய் என்றேன். பிறகு சொன்னார், வாட்ச்மேன் கிழவர் சாகிற நாவலைப் பஸ்ஸில் படித்துக்கொண்டு போனாராம். கண் மறைத்து, இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வாணியம்பாடி வரை போய்விட்டாராம்.

"இத கடிதத்துல எழுதல, இல்லியா?"

"எழுதுவாங்களா இதப் போயி?"

நிறை கொடுக்க மறந்துவிட்டேன். நாளை இரண்டாகக் கொடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 14, செவ்வாய்

ஆறு மணிக்குப் போன் வரவில்லை. எனக்கென்ன வந்தது.

ஆகஸ்ட் 15, புதன்

அவருக்கு நேற்றுக் காய்ச்சலாம். ஊரெல்லாம் டெங்கு, உடனே ரத்தம் எடுங்கள் என்றேன். பிளேட்லெட் எண்ணிக்கையை எனக்கு அனுப்பச் சொன்னேன். இது முழுக்கத் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஆகஸ்ட் 16, வியாழன்

பிளேட்லெட் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். அழகான எண்ணிக்கை.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

இன்று நான் பெரிய குண்டைப் போட்டேன். 'எஸ்டேட் வாரிசு' நாவலில் அப்பாவுக்கு ஏபி குரூப் ரத்தம், பிள்ளைக்கு ஓ குரூப் என்று வரும். 'ஆகவே இவன்தான் உண்மையான மகன்!' என்று இளம்பரிதி மேசையைக் குத்துவான். ஏபி அப்பாவுக்கு ஓ பிள்ளை பிறக்காது. எங்கள் நிலையத்தில் தரை பெருக்குகிற அக்காவுக்குக்கூடத் தெரியும். அதாவது, இளம்பரிதி ஊட்டி எஸ்டேட்டைத் தப்பான ஆளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டான். உண்மையான மகன் எங்கேயோ ஆட்டோ ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

கேட்டதும் தணிகாசலம் கத்தியேவிட்டார்.

"இத்தினி வருஷமா தெரிஞ்சே மறச்சு வெச்சிருந்தீங்களா?"

"ஆமா. உங்க கைல கிடைச்சா விடுவீங்களா?"

மனிதர் சிரித்தார் பாருங்கள், பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அந்தச் சிரிப்பிலேயே தன் கதையையும் சொல்லிவிட்டார். பதினைந்து வருடத்துக்கு முன்னால் பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜியில் உப்பு குறைவு என்று சொல்லிவிட்டாராம். பெண் செய்த பஜ்ஜி. அந்தச் செய்தி சொந்தக்காரர்கள் வீடெல்லாம் சுற்றி வந்து, அதற்கப்புறம் யாருமே பெண் காட்டவில்லையாம். அக்கா வீட்டு மாடியில் இருக்கிறாராம்.

இந்தத் தகவல் பட்டிமன்றத்துக்கு எந்த விதத்திலும் பயன்படாது. சும்மா எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 23, வியாழன்

மேடையில் விளக்கு வெளிச்சம் அதிகமாக இருக்கும் என்பதால் ஒரு சேலை எடுத்தேன். மாம்பழ மஞ்சள், பச்சைக் கரை. மரியபாக்கியம் முந்தானையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏளா, நீ பட்டிமன்றத்துக்குப் போறியா, இல்ல உன்னய யாரும் பொண்ணு பாக்க வாராங்களா?" என்றாள்.

"இலக்கிய விழாவுக்குன்னு ஒரு மரியாதை இருக்குல்லா?"

"இருக்கும், இருக்கும். ஆறு மணி அடிச்சா ஒன் மூஞ்சியிலயும் ஒரு இலக்கியம் தெரியுது."

இவளுக்குக் கொழுப்பு.

ஆகஸ்ட் 27, திங்கள்

இருப்பதிலேயே பெரிய நிறையை இன்று கொடுத்தேன். கடைசிவரை கொடுக்க வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

எந்தக் கொலையானாலும், பிணத்துக்குப் பக்கத்தில் வந்ததும் இளம்பரிதி முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான். 'பாடி' என்று போலீஸ்காரர் ஆரம்பிப்பார். 'அவர் பேர் என்ன?' என்பான். கோடீஸ்வரனோ, பாலத்துக்கு அடியில் படுத்திருந்தவனோ, பேர் தெரியாமல் அடுத்த வேலைக்குப் போக மாட்டான். அப்பாவை ஆஸ்பத்திரியில் எல்லாரும் 'பன்னெண்டாம் பெட்' என்றார்கள். அப்பா வாய் கோணிக்கொண்டே, "இளம்பரிதி வந்தா பேரக் கேப்பான்லா?" என்றார். அன்றைக்கு ஒரு நர்ஸ் சிரித்துவிட்டு, "உங்க பேரு என்ன தாத்தா?" என்று கேட்டது. அப்பா ராஜா மாதிரி, "வேலாயுதம்" என்றார்.

சொல்லி முடித்தேன். தணிகாசலம் எதிலும் குறை சொல்லவில்லை. "இதுக்கு எங்கிட்ட பதிலுக்குக் குடுக்க ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

ஆகஸ்ட் 31, வெள்ளி

என் பேச்சுக்கு இன்னும் ஒரு பெரிய குறை தேவைப்பட்டது. அவரிடம் கேட்காமல் நானே பழைய நாவல்களைப் பரப்பிப் போட்டுத் தேடினேன். கண்டுபிடித்துவிட்டேன்.

எல்லா நாவலிலும் ஒரு டீக்கடை வரும். இளம்பரிதி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, 'டெய்சி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்' என்பான். டெய்சி நிமிர்ந்து பார்ப்பாள். உடனே டெலிபோன் மணி அடிக்கும். எங்கேயோ ஒரு பிணம். முதலில் கடைக்காரருடைய டெலிபோன், பிறகு பேஜர், இப்போது செல்போன். இருபத்தைந்து வருடமாக அந்த டீ ஆறிக்கொண்டே இருக்கிறது. நான் டெய்சியைப் பார்த்து ஒரு நாளும் பரிதாபப்பட்டதில்லையே என்று இன்றுதான் உறைத்தது. அவளுக்கும் நாற்பது வயது தாண்டியிருக்கும்.

ஆறு மணிக்குப் பேசினோம். இதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 1, சனி

மூன்று பாக்கெட் கடலை மிட்டாய் வாங்கினேன். ஒன்று ஆசிரியருக்கு. ஒன்று ஜெயவர்ணனுக்கு. இன்னொன்று, வழியில் யாருக்காவது தேவைப்பட்டால்.

செப்டம்பர் 3, திங்கள்

நேற்று விழா. எழுதவில்லை. இன்று லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்கே ஆரம்பிப்பது?

மண்டப வாசலில் வெள்ளைச் சட்டையில் ஒரு ஒல்லி மனிதர், வரவேற்புப் பலகையை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். அது கோணலாக இருந்திருக்கிறது, அவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

"தணிகாசலம் சாரா?"

திரும்பினார். சேலையைப் பார்த்தார். "மேடம், கரையில ஒரு நூல் பிரிஞ்சிருக்குது" என்றார். சொன்ன அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டார். பஜ்ஜி ஞாபகம் வந்திருக்கும். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கடலை மிட்டாயைக் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடிவிட்டேன்.

முதலில் என் பேச்சு. முன்வரிசையில் ஒரு அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினார், அவரைப் பார்த்தே பேசினேன். டெய்சி அப்பாவின் இரண்டு சாவுக்கு மண்டபம் சிரித்தது. ஊட்டி எஸ்டேட்டுக்குக் கைதட்டல். நடுவர் நாற்காலியில் இருந்த ஜெயவர்ணன், "அய்யய்யோ, அந்த எஸ்டேட்டத் திருப்பி வாங்கணுமே!" என்று தலையில் கைவைத்தார். ஒல்லியான வயதான மனிதர். இத்தனை கொலை செய்த கை மாதிரியே இல்லை.

கடைசியில் டெலிபோன்.

"நடுவர் அவர்களே, உங்க ஆளு முந்நூறு கொலைய கண்டுபிடிச்சுட்டான். எதிர்ல உக்காந்திருக்கிறவ மனசுல என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கத் தெரியலையே! பாறையில இருந்து குதிக்கத் தைரியம் இருக்கு, ஒரு வாக்கியத்த முடிக்கத் தைரியம் இல்ல. இருபத்தஞ்சு வருஷமா ஒருத்தி நிமிந்து பாத்துக்கிட்டே இருக்கா. சொல்ல வேண்டியதச் சொல்லத் தெரியாதவன இன்னும் எத்தன வருஷத்துக்கு இழுத்துக்கிட்டுப் போகப் போறீங்க?"

கைதட்டல் ஓய நேரமாயிற்று. தணிகாசலத்தைப் பார்த்தேன். தன் குறிப்புத் தாளையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். தாள் தலைகீழாக இருந்தது.

பிறகு அவர் எழுந்தார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவர் சொதப்பினால் தீர்ந்தது.

அவர் சொதப்பவில்லை. முதல் வரியைச் சொன்னார், வாட்ச்மேனைச் சொன்னார், வாணியம்பாடி வரை போனதை மேடையிலேயே சொன்னார். பிறகு, "கோவில்பட்டியில வேலாயுதம்னு ஒருத்தர் இருந்தாருங்க" என்று ஆரம்பித்தார். நான் சொன்னதையெல்லாம், அப்பாவின் 'சமையல்காரந்தான்' தீர்ப்பு உட்பட, முழுவதும் சொன்னார். முடிக்கும்போது, "கத நல்லா இருக்குதா இல்லியான்னு நான் ரொம்ப பாத்துட்டேங்க. ஒரு மனுஷனுக்கு அவன் பேர அது திருப்பிக் குடுத்துது. இதுல நான் இன்னா குறை சொல்ல? இது தொடரணுங்க" என்றார்.

மேடையிலேயே அழுதேன். விளக்கு வெளிச்சத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். தெரியட்டும்.

ஜெயவர்ணன் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"முடிக்கணும்னு மனசுல எழுதிட்டுத்தான் வந்தேன். கொலை எழுத எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. ஒருத்தன் மனசுல உள்ளத ஒருத்திகிட்ட சொல்ற எடம் வந்தாத்தான் பேனா நகராது. அப்பல்லாம் டெலிபோன அடிக்க விட்டுடுவேன். அந்தம்மா கண்டுபிடிச்சுட்டாங்க. ஆகவே, இளம்பரிதி தொடர்வான். அடுத்த நாவல்ல டெலிபோன்தான் சாகும்."

தோற்றுப்போனேன்! வாழ்நாளில் தோற்றதற்காக இப்படிக் கைதட்டியது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சாயங்காலம் இரண்டு பேரும் பஸ் நிலையத்துக்கு வந்தோம். என் பஸ் தெற்கே, அவர் பஸ் வடக்கே. எதிரே இருந்த கடையில் டீ வாங்கினார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்கவே இல்லை. நானும்தான்.

"மேடம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க."

நிமிர்ந்து பார்த்தேன்.

அவர் செல்போன் அடித்தது.

சத்தியமாக அடித்தது. ஜெயவர்ணன் பின்னால் நின்று எழுதுகிறாரோ என்று ஒரு நொடி சந்தேகம் வந்துவிட்டது. அவர் பையில் கை விட்டு எடுத்தார். திரையில் 'அக்கா'. எடுத்துப் பேசுவதற்குள் நான் அதைப் பிடுங்கிச் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டேன். எனக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று இப்போதும் தெரியவில்லை.

"சொல்லுங்க" என்றேன்.

"நான் எதுலயும் குறை கண்டுபிடிப்பேங்க. தெரியுமில்ல?"

"தெரியும்."

"ஒரு மாசமா உங்ககிட்ட தேடிப் பாத்துட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் கெடச்சுது." மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது. "ரொம்ப தூரத்துல இருக்கீங்க."

மறுபடி போன் அடித்தது. அது இன்னும் என் கையில்தான் இருந்தது. இந்தத் தடவை நானே எடுத்தேன்.

"டேய், கட் பண்றியா? சொல்லிட்டியா இல்லியா? பஸ் ஏத்தி உட்டுட்டு வந்து நிக்காத எம் முன்னால!" என்றது ஒரு பெண் குரல்.

"சொல்லிட்டாருங்க" என்றேன்.

அந்தப் பக்கம் பாத்திரம் கீழே விழுந்த சத்தம் கேட்டது. டீயைக் குடித்தோம். சூடாகவே இருந்தது. சர்க்கரை அதிகம். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 5, வெள்ளி

முந்நூற்று ஒன்று வந்துவிட்டது. சத்தமாகத்தான் படித்தேன். மூன்றாவது அத்தியாயத்தில் நிறுத்தி, "சமையல்காரந்தான்" என்று நானே சொன்னேன். கடைசியில் பார்த்தால் சமையல்காரனேதான்! ஜெயவர்ணன் முன்பக்கத்தில் 'வேலாயுதம் அவர்களுக்கு' என்று போட்டிருக்கிறார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

டீக்கடையில் இளம்பரிதி சொல்லிவிட்டான். கடைக்காரர் டெலிபோன் ஒயரைப் பிடுங்கிக் கையில் சுற்றி வைத்துக்கொண்டு நிற்கிறார்.

ஆறு மணிக்கு அவர் போன் செய்தார். "கல்யாணப் பேச்சு வர்ற பக்கத்துல டெய்சிக்கு ரெண்டு எடத்துல ரெண்டு கலர் சேலை, கவனிச்சீங்களா? கடிதம் எழுதணும்" என்றார். "நானே எழுதுதேன். முதல்தடவையா ஒரு குறை" என்றேன். "அப்ப நான் பாராட்டி எழுதறேன். ஒரே கடிதமா போட்டுடலாமா?"

தை மாதம் கல்யாணம் என்று இரண்டு பக்கமும் பேசியாகிவிட்டது. அவர் கம்பெனி ஆம்பூரில், என் வேலை இங்கே. இன்னும் இழுபறிதான். கடிதத்தை அழகாக எழுதி முடித்தேன். கீழே இரண்டு பேர் பெயரையும் போட்டுவிட்டு, ஊர்ப் பெயர் எழுதுகிற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அரைமணி நேரமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.